வன்னி வளவொன்றில் தானியங்கி வானோக்கு நிலையம் அமைக்கும் முறை

வீட்டு வளவில் தொலைகாட்டிக்கென ஒரு சிறிய அறை கட்டி, அதன் கூரையை மோட்டரால் திறந்து, கணினியை இரவு முழுவதும் படம் எடுக்க விட்டுவிட்டு உறங்கப் போவது என்பது, ஊர் மேசன் ஒருவரும் வெல்டிங் தெரிந்த ஒருவரும் துணையிருந்தால், இன்று ஒரு தனிமனிதர் செய்து முடிக்கக்கூடிய வேலைதான். கிளிநொச்சிக்கு அண்மையிலுள்ள எனது வளவில் அப்படி ஒன்றை ஒரு தடவை பிழையாகவும் மறு தடவை ஓரளவு சரியாகவும் கட்டி முடித்தவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் 40, 50 பாகை வட அகலக்கோட்டில் வாழ்பவர்கள் தங்கள் வானத்துக்கும் தங்கள் காலநிலைக்கும் எழுதியவை. நமக்குத் துருவ நட்சத்திரம் வேலிக்கு அப்பாலுள்ள வடலியின் மறைவில் நிற்கிறது. நமது மழை முன்னறிவித்தலின்றி வருகிறது. மின்சாரம் அந்த மழைக்கும் முந்திப் போய்விடுகிறது. ஆகவே இங்கே விளக்கப்படும் திட்டத்தில் கூரை மூடுவதே முதல் வேலை; படம் எடுப்பது அதற்கு அடுத்த வேலை.

எப்போது தொடங்குவது

வன்னியில் ஐப்பசி தொடங்கித் தை முற்பகுதி வரை வாடை மழைக்காலம். தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை வானம் தெளிந்திருக்கும். ஆனால் பனி கடுமையாக இறங்கும். சித்திரையில் பிற்பகல் இடிமழை, அதன் பிறகு புரட்டாதி வரை சோளகக் காற்றும் புழுதியும், இடையிடையே நல்ல இரவுகளும் உண்டு. இந்த ஒழுங்கை வைத்துப் பார்த்தால், ஜூன் நடுப்பகுதியில் நிலம் வெட்டி, ஓகஸ்டுக்குள் சுவரும் கூரையும் முடித்து, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை தொலைகாட்டி இல்லாமல் வெறும் அறையை மழையில் சோதித்து, ஜனவரி இறுதியில் கருவிகளை ஏற்றுவதுதான் பொருத்தமான வரிசை. அந்த வெறும் மூன்று மாதங்களைத் தாண்டிக் குதிக்க மனம் துடிக்கும். நான் குதித்தேன், அதன் விலையைப் பின்னர் சொல்கிறேன்.

இடமும் நிலமும்

தெற்கு அடிவானம் திறந்திருக்கும் மூலையைத் தெரிவு செய்ய வேண்டும். கிளிநொச்சி ஏறத்தாழ 9.4 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், தென்சிலுவையின் நடுப்பகுதி உச்சத்துக்கு வரும்போது அடிவானத்துக்கு மேல் 20 பாகை சொச்சம் உயர்ந்து நிற்கும். ஒமேகா சென்டோரி என்னும் பெரும் நட்சத்திரக் கொத்து 33 பாகை வரை ஏறும். ஐரோப்பாவில் இருப்பவர் விமானம் ஏறிப் போய்ப் பார்க்கும் வானம் இது. அதை மாமரம் ஒன்று மறைக்குமானால் மாமரம் இல்லாத மூலைக்குப் போவதே நல்லது. வடக்கைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. அதற்கான காரணம் அளவுகளைப் பேசும்போது தெளிவாகும்.

வெள்ளம் எந்த மட்டம் வரை வந்தது என்பதை வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டறிய வேண்டும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் நீர் ஏறிய இடங்களில், அந்தத் தடயத்துக்குக் குறைந்தது ஓர் அடி மேலே அறையின் தளம் அமைய வேண்டும். நிரந்தரக் கட்டடம் என்பதால் பிரதேச சபையில் அனுமதி பற்றி விசாரித்துக்கொள்வதும் பின்னர் வரக்கூடிய தலையிடியைத் தவிர்க்கும்.

இன்னொன்றையும் நம் மண்ணில் எழுதாமல் விட முடியாது. கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணியாக இருந்தாலும், மீள்குடியேறிய பின்னர் மண்வெட்டியே படாத மூலையில் மூன்றடிக் குழி வெட்டுவதென்றால் நிதானம் தேவை. இனந்தெரியாத இரும்பு எதுவும் தட்டுப்பட்டால் அதைத் தொடாமலும் கிளறாமலும் வேலையை நிறுத்தி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும். ஏற்கெனவே வீடு, கிணறு, மலசலகூடம் என்று தோண்டிப் பழகிய பகுதியை ஒட்டிக் கட்டுவது இதனாலும் நல்லது.

வடக்கைக் கண்டுபிடித்தல்

அறையின் நீளப்பக்கமும், கூரை உருண்டு திறப்பதற்கான தண்டவாளமும் வடக்குத் தெற்காக அமைய வேண்டும். கைத்தொலைபேசியின் திசைகாட்டி கட்டுக்கம்பி, வாகனம் முதலியவற்றின் அருகில் தடுமாறும். தூக்குக்குண்டு நூலின் நிழல் அதைவிட நம்பகமானது. சூரியன் உச்சிக்கு வரும் நேரம் இலங்கை மணிக்கூட்டின் 12 மணி அல்ல. நமது நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுவதால், ஒவ்வொரு பாகை மேற்குக்கும் 4 நிமிடம் கூட்ட வேண்டும். கிளிநொச்சி ஏறத்தாழ 80.4 பாகையில் இருப்பதால் வித்தியாசம் 8 நிமிடம் 24 விநாடி. முல்லைத்தீவில் அது ஏழு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. இதற்கு மேல் சூரியனின் ஓட்டத்தில் ஆண்டு முழுவதும் ஏற்படும் ஏற்றத்தாழ்வு ஒன்று உண்டு. அது ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டெம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாள்களை ஒட்டிப் பூச்சியமாகிவிடும்.

இந்த நான்கு நாள்களில் ஏப்ரல் 15 நமக்கு உதவாது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் வருவதால் நண்பகலில் நூலுக்கு நிழலே இராது. செப்டெம்பர் 1 இலும் நிழல் விரலளவுதான். ஜூன் 13 அன்று 12 மணி 8 நிமிடம் 24 விநாடிக்கு ஆறடி உயர நூல் ஏறத்தாழ ஒன்றரை அடி நிழலை, வடக்கே அல்ல, தெற்கு நோக்கி விழுத்தும். சூரியன் அப்போது உச்சிக்கு வடக்கே நிற்பதுதான் காரணம். ஒரு நிமிடம் பிந்தினாலே கோடு ஏறக்குறைய ஒரு பாகை திரும்பிவிடும் என்பதால் விநாடி காட்டும் மணிக்கூட்டைப் பார்த்துக் குறிக்க வேண்டும். சுவருக்கும் தண்டவாளத்துக்கும் ஒரு பாகைப் பிழை பொருட்டல்ல. ஆனால் தொலைகாட்டி நிற்கப்போகும் தூணின் மேற்தட்டுக்கு இந்தக் கோட்டையே பாவிக்கப் போகிறோம்.

அளவுகள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். இங்கே ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்துத் தாளில் வரைந்து பார்ப்பது பின்னர் சுவரை இடிப்பதிலும் மலிவு.

உருளும் கூரை அமைப்பில் வழமையாகச் சொல்லப்படுவது, சுவரைத் தாழ்வாக வைத்து, தொலைகாட்டி படுத்த நிலைக்கு வந்த பின்னரே கூரை நகரலாம் என்று கணினிக்குக் கட்டளையிடுவது. தொலைகாட்டியைத் தாங்கி வானோடு சுழற்றும் மோட்டர்த் தாங்கியான மவுண்டின் மென்பொருள் உறைந்து போன ஓர் இரவில், அல்லது கேபிள் ஒன்று கழன்ற ஓர் இரவில், தொலைகாட்டி நிமிர்ந்தபடியே நிற்கும். கூரை வந்து அதில் மோதும், அல்லது மோதக்கூடாது என்று நின்றுவிட மழை உள்ளே பெய்யும். என் முதற் கட்டடம் இந்த வகை. ஆகவே தொலைகாட்டி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் கூரை யாரையும் கேளாமல் மூடக்கூடிய அளவுக்குச் சுவர் உயர்ந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் சுவரை உயர்த்தினால் தென்சிலுவை மறைந்துவிடும். இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது: தூணை அறையின் நடுவில் வைக்காமல் வடக்கே தள்ளி வைப்பது.

கணக்கு இப்படி. 70 மில்லிமீற்றர் வாய் விட்டமும் 400 மில்லிமீற்றர் குவியத் தூரமும் கொண்ட சிறு ஒளிவிலகற் தொலைகாட்டி, கமெராவும் அதைச் சமன்செய்ய மறுபக்கம் தொங்கும் எதிர்ச்சுமையும் உட்பட, சுழலும்போது தன் மையத்திலிருந்து 20 அங்குலத்துக்குள் அடங்கும். உங்கள் கருவியை மேசையில் பூட்டி, எல்லாப் பக்கமும் சுழற்றி, நாடாவால் அளந்து இந்த எண்ணை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சுழற்சி மையத்தைத் தளத்திலிருந்து மூன்றரை அடியில் வைத்து, 20 அங்குலம் கூட்டி, மேலும் 4 அங்குலம் இடைவெளி விட்டால் சுவரின் மேல் விளிம்பு ஐந்தரை அடியில் வரும். அறையின் உள்ளளவு வடக்குத் தெற்காகப் பத்தடி, கிழக்கு மேற்காக எட்டடி. தூணின் மையம் தெற்குச் சுவரிலிருந்து ஏழடியிலும் வடக்குச் சுவரிலிருந்து மூன்றடியிலும் இருக்கட்டும். இப்போது தெற்கே 16 பாகைக்கு மேலுள்ள வானமும், கிழக்கு மேற்கில் 27 பாகைக்கு மேலுள்ள வானமும் திறந்திருக்கும்.

தென்வானின் ஒளிரும் வாயு முகிலான கரீனா நெபுலா இந்தத் தெற்குச் சுவருக்கு மேல் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். அந்த உயரத்தில் நட்சத்திர ஒளி உச்சியை விட மூன்று மடங்கு காற்றினூடாக வருவதால் படம் கூர்மையில் சற்றுக் குறையும் என்பது உண்மை; ஆயினும் கிடைக்காததைவிட மேல். பால்வீதிக்கு அண்மையிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மகெல்லன் முகில் 11 பாகைக்கு மேல் ஏறாது என்பதால் அது இந்தச் சுவருக்குள்ளிருந்து கிட்டாது.

வடக்கே இழப்பு பெரிது. கூரை வடக்கு நோக்கி உருண்டு அங்கேயே நிற்பதால், அந்தப் பக்கம் 45 பாகை வரையான வானம் போய்விடும். பெருங்கரடியிலுள்ள எம் 81, எம் 82 ஆகிய இரு விண்மீன் மண்டலங்களும் நமக்கு 30 பாகை அளவில்தான் உச்சம் தொடுவதால் அவற்றைக் கைவிட வேண்டும். எம் 51 என்னும் மண்டலம் தப்பிவிடும். அந்திரொமீடா மண்டலம் தாராளமாகத் தப்பும். துருவ நட்சத்திரம் 9 பாகையில் நிற்பதால் இந்த அறையிலிருந்து என்றுமே தெரியாது. அதைப் பார்க்காமலே மவுண்டை நேர்ப்படுத்தும் வழியைக் கீழே சொல்கிறேன்.

தூண்

இரண்டடிக்கு இரண்டடி, மூன்றடி ஆழம் என்று குழி வெட்டி, முறுக்குக்கம்பிக் கூடு இறக்கி, 1:2:4 கலவையில் கொங்கிறீட் இட வேண்டும். தூணையும் சேர்த்து மூன்று மூட்டைச் சீமெந்து போதும். மன்னார் முருங்கன் பக்கம் காணப்படும், கோடையில் வெடித்து மாரியில் வீங்கும் கரும் களிமண்ணாக இருந்தால் ஆழத்தைக் கூட்டுவது அவசியம். குழிக்கு மேலே 10 அங்குலப் பிவிசி குழாயை நிறுத்தி அதனையே அச்சாகக் கொண்டு தூணை வார்க்கலாம். ஏழு நாளாவது சாக்குச் சுற்றி நீர் ஊற்றி வர வேண்டும். 28 நாளுக்கு முன்னர் பாரம் ஏற்ற வேண்டாம்.

தளத்தின் கொங்கிறீட் தூணைத் தொடவே கூடாது. சுற்றி ஓரங்குல இடைவெளி விட்டு, அதைச் சீமெந்தால் அடைக்காமல் மெத்துப் பஞ்சால் மட்டும் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் கூரை உருளும் அதிர்வும் உங்கள் நடையும் படத்தில் வந்து நிற்கும். மேசனுக்கு இதை ஒருமுறை சொல்லிவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். நல்ல மேசன் வெடிப்பைக் கண்டால் பூசாமல் இருக்க மாட்டார்.

தூணைத் தளத்திலிருந்து 16 அங்குலத்தில் நிறுத்தி, அதற்கு மேல் ஓரடி உயரத்துக்கு 4 அங்குல விட்டமுள்ள தடித்த இரும்புக் குழாயை, இரு முனையிலும் தட்டுப் பற்றவைத்து, பூட்டாணி கொண்டு பொருத்த வேண்டும். மேற்பகுதி ஒல்லியாக இருப்பதற்குக் காரணம் நமது அகலக்கோடு. 9 பாகையில் பூமியின் அச்சுக்கு இணையாக வைக்கப்படும் மவுண்டின் துருவ அச்சு ஏறக்குறையக் கிடையாகப் படுத்திருப்பதால், எதிர்ச்சுமைத் தண்டு தூணை ஒட்டிச் செங்குத்தாகத் தொங்கும். 10 அங்குலத் தூண் அங்கே இருந்தால் சுமை அதில் மோதும். முக்காலியில் இதே மவுண்டை வைத்தால் காலில் மோதுவதும் இதனால்தான்.

மவுண்டை வாங்குமுன் அது எத்தனை பாகை வரை இறங்கும் என்பதைப் பார்க்க வேண்டும். சில மவுண்டுகள் 10 பாகைக்குக் கீழேயும் வேறு சில 15 பாகைக்குக் கீழேயும் இறங்கமாட்டா, வவுனியா 8.75 பாகையில் இருக்கிறது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருந்தத் தேவையில்லை. மேற்தட்டின் தெற்கு விளிம்பு உயரும்படி, அதாவது முழு மவுண்டும் வடக்கே சற்றுக் குனியும்படி, ஆப்பு வடிவத் தட்டொன்றை அடியில் கொடுக்கலாம். 5 பாகை ஆப்பு வைத்தால் மவுண்டின் அளவுகோலில் 14.4 என்று வைக்கும்போது அச்சு உண்மையில் 9.4 பாகையில் இருக்கும்.

சுவரும் கூரையும்

சுவருக்குச் சீமெந்துக் கல், கூரைச் சட்டத்துக்கு நாகம் பூசிய பெட்டிக் குழாய், மேலே தகடு. மரத்தைக் கறையானுக்கு விருந்து வைக்க விரும்புபவர்கள் மட்டும் பாவிக்கலாம். தகட்டின் வெளிப்புறம் வெள்ளை நிறம், உட்புறம் வெப்பம் தடுக்கும் நுரைத் தகடு. இவை இல்லாவிட்டால் பங்குனிப் பகலில் உள்ளே கமெரா வேகும்.

கிழக்கு, மேற்குச் சுவர்களில் ஒன்றின் மேல் இரண்டு அங்குல ஆங்கிள் இரும்பைக் கவிழ்த்தும் மற்றதன் மேல் தட்டையான இரும்பையும் வைத்தால் அவையே தண்டவாளம். அவை அறையைத் தாண்டி வடக்கே மேலும் பத்தடி நீண்டு, தூண்களின் மேல் தங்க வேண்டும். படலைகளுக்குப் பூட்டும் சில்லுகளைப் பக்கத்துக்கு மூன்றாகப் பாவிக்கலாம். ஒரு பக்கத்தில் மட்டும் பள்ளச் சில்லும் கவிழ்த்த ஆங்கிளும் வைத்து, மறுபக்கத்தில் தட்டையான சில்லைத் தட்டையான இரும்பில் ஓடவிட வேண்டும். இரு பக்கமும் பள்ளமாக இருந்தால், வெயிலில் இரும்பு விரியும்போதோ தண்டவாளம் கால் அங்குலம் விலகியிருந்தாலோ கூரை இறுகி நின்றுவிடும். இருபதடி நீளத்துக்கும் மட்டம் ஒன்றாக இருக்க, மேசன்மார் பாவிக்கும் நீர்க்குழாய் மட்டமே போதுமான நுட்பம் கொண்டது.

ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள இந்தக் கூரை காற்றுக்கு ஒரு பட்டம்தான். 2020 டிசம்பர் 2 இல் புரெவி புயல் கிழக்குக் கரையைக் கடந்து வந்ததைப் போன்ற ஓர் இரவில் மோட்டரின் பற்சக்கரம் மட்டும் அதைப் பிடித்து வைத்திராது. கூரைச் சட்டத்திலிருந்து கீழிறங்கித் தண்டவாளத்தின் அடிப்புறத்தை அணைத்துப் பிடிக்கும் இரும்புக் கொக்கிகளைப் பக்கத்துக்கு மூன்று பற்றவைக்க வேண்டும். உருளும்போது அவை உரசாமல் கால் அங்குலம் விலகியிருக்கும், கூரை மேலெழ முயன்றால் பிடித்துக்கொள்ளும். இவற்றோடு, புயல் எச்சரிக்கை வரும்போது கையால் மாட்டும் நான்கு இழுகம்பிகளும் இருக்கட்டும். கூரை சுவருக்கு வெளியே அரை அடியாவது நீண்டு, அதன் விளிம்பில் கீழ்நோக்கி ஒரு தகட்டுப் பாவாடையும் தொங்க வேண்டும். வாடைக்காற்றில் மழை கிடையாக வரும் என்பது இங்கு வளர்ந்த எவருக்கும் தெரியும்.

மின்சாரம்

மவுண்ட், குளிரூட்டும் கமெரா, சிறு கணினி, பனி நீக்கும் சூட்டுப் பட்டி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 60 வாட் எடுக்கும். பத்து மணி நேரத்துக்கு 600 வாட் மணி. 12.8 வோல்ட், 100 அம்பியர் மணி கொண்ட லித்தியம் இரும்பு பொஸ்பேற்று பற்றரி ஒன்று 1,280 வாட் மணியைச் சேமிக்கும் என்பதால் இரண்டு இரவுகளுக்குத் தாங்கும். பகலில் சூரியப் பலகையோ வீட்டு மின்சாரமோ அதை நிரப்பட்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறக்காதவர்கள் சூரியப் பலகையையே தெரிவு செய்வார்கள்.

கூரை மோட்டருக்கு மட்டும் தனிப் பற்றரி. உருளும் படலைக்கென விற்கப்படும் 24 வோல்ட் நேரோட்ட மோட்டரும் பற்சட்டமும் இந்த எடைக்குப் போதும். இரண்டு சிறிய 12 வோல்ட் ஈயப் பற்றரிகளைத் தொடராக இணைத்தால் அதற்கான மின் கிடைக்கும். தொலைகாட்டிப் பற்றரி வற்றிப் போனாலும் கூரை மூடுவதற்கான மின் எவராலும் தொடப்படாமல் இருக்க வேண்டும். மோட்டரைக் கையால் விடுவிக்கும் சாவியை அறைக்கு வெளியே ஒரு பெட்டியில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள அனைவருக்கும் காட்டி வைக்கவும்.

இடி பற்றி ஒரு சொல். வீட்டிலிருந்து அறைக்குச் செம்புக் கேபிள் எதையும் இழுக்காமல் வைஃபை மூலமோ ஒளியிழை மூலமோ தொடர்பு வைத்தால் மின்னல் வரும் பாதைகளில் ஒன்று குறையும். தண்டவாளத்தையும் கூரைச் சட்டத்தையும் நிலத்தில் அடித்த புவித்தொடுப்புக் கம்பியோடு இணைக்க வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பாவிக்காத நாள்களில் எல்லாவற்றையும் கழற்றி வைப்பதற்கு ஈடான பாதுகாப்பு இல்லை.

மூடும் மூளை

கூரையை ஆளும் கட்டுப்பாட்டுப் பலகை கணினியைச் சாராத தனிக் கருவியாக இருக்க வேண்டும். நிரல் எழுதி இயக்கும் சிறு மின்பலகையான இஎஸ்பி32 அல்லது ஆர்டுயினோ ஒன்றும், மோட்டருக்கு மின்னைத் திறந்து மூடும் சுவிச்சான ரிலே இரண்டும் கூரையின் இரு முனையிலும் எல்லைச் சுவிச்சுகளும் போதும். அதில் எழுதும் நிரலின் விதி எளிது: திறப்பதற்கு எல்லோரும் சம்மதிக்க வேண்டும், மூடுவதற்கு எவர் ஒருவர் சொன்னாலும் போதும். மழை உணரி, காற்றுமானி, பற்றரி மட்டம், விடியற் கடிகாரம் ஆகியவற்றில் ஒன்று மூடச் சொன்னால் கூரை மூடும். கணினி நிமிடத்துக்கு ஒருமுறை தான் விழித்திருப்பதாக ஒரு சைகை அனுப்ப வேண்டும். ஐந்து நிமிடம் அந்தச் சைகை வராவிட்டாலும் கூரை மூடும். உணரிகளின் கம்பிகளை, சாதாரண நிலையில் மின் ஓடிக்கொண்டிருக்கும் வகையில் இணைத்தால், எலி கடித்துக் கம்பி அறுந்தாலும் பலகை அதை மழையென்றே கொண்டு மூடிவிடும்.

மழை உணரியில் சிக்கனம் பிடிக்க வேண்டாம். கடையில் மலிவாகக் கிடைக்கும், செம்புக் கோடுகள் போட்ட தட்டு வகையை நான் முதலில் பூட்டினேன். மாசிப் பனி அதில் படிந்ததும் நள்ளிரவு தாண்டித் தினமும் கூரை மூடியது. எரிச்சலில் அந்த உணரியைக் கணக்கில் எடுக்காதபடி நிரலை மாற்றிவிட்டு உறங்கினேன். இரண்டு கிழமை கழித்து, பருவம் தப்பிய ஒரு மழை அதிகாலை மூன்று மணிக்கு வந்தது. கமெராவின் மின்பலகை பச்சை பூத்தது. வில்லையில் பூஞ்சை படர்ந்தது. முன்னர் சொன்ன விலை இதுதான். அகச்சிவப்பு ஒளியால் துளியை உணரும் ஹைட்ரியான் ஆர்ஜி-9 போன்ற உணரிகளில் செம்புக் கோடு வெளியே இல்லாததால் அரிப்பில்லை. பனியை மழையென்று கொள்வதும் வெகுவாகக் குறைவு. அத்தகைய இரண்டைப் பூட்டி, இரண்டில் எது சொன்னாலும் மூடும்படி இப்போது வைத்திருக்கிறேன்.

முகிலை அறிய எம்எல்எக்ஸ்90614 என்னும் அகச்சிவப்பு வெப்பமானி உதவும். தெளிந்த வானம் தரையைவிட மிகக் குளிராகவும் முகில் மூடிய வானம் அவ்வளவு குளிரில்லாமலும் தெரிவதே அதன் அடிப்படை. ஆனால் நமது காற்றில் நீராவி அதிகமாதலால் தெளிந்த இரவிலும் வானம் வெதுவெதுப்பாகவே தெரியும். உலர்ந்த நாட்டவர் எழுதிவைத்த எல்லை எண்களைப் பாவித்தால் கூரை ஒருநாளும் திறக்காது. ஒரு மாதம் எண்களை மட்டும் பதிவு செய்து, வெளியே வந்து வானத்தை நிமிர்ந்து பார்த்து ஒப்பிட்டு, உங்கள் எல்லையை நீங்களே வைக்க வேண்டும். காற்று மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டினால் மூடுவது என் வழக்கம்.

மென்பொருள்

படமெடுப்பதையும் கருவிகளையும் ஆளும் மென்பொருளாக விண்டோஸ் கணினியில் நினா, லினக்ஸில் கேஸ்டார்ஸ் என்னும் வான்வரைபட மென்பொருளுடன் வரும் எக்கோஸ். இரண்டும் இலவசம், இரண்டும் இந்த வேலைக்குப் போதும். முன்னையது கருவிகளோடு ஆஸ்கொம் என்னும் இணைப்பு மென்பொருள் வழியாகவும் பின்னையது இண்டி என்பதன் வழியாகவும் பேசும். நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து திருத்தப் பிஎச்டி2, எடுத்த படத்தைக் கொண்டு தொலைகாட்டி எங்கே பார்க்கிறது என்று கண்டறிய ஆஸ்டாப். நினாவின் வரிசைப்படுத்தியில் ‘பாதுகாப்பாக இருக்கும்வரை’ என்ற நிபந்தனைக்குள் படமெடுக்கும் கட்டளைகளை அடக்கினால், மழை நின்று வானம் தெளிந்ததும் வேலை தானே தொடரும்.

றாஸ்பெறி பை என்னும் சிறு கணினியைப் பாவிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்தாம் பதிப்புக்கு முந்தியவற்றில் மணிக்கூடு உள்ளமைக்கப்படவில்லை. மின் போய்த் திரும்பி வந்து, இணையமும் இல்லாதிருந்தால் அது பழைய நேரத்தில் விழிக்கும். நேரத்தில் 4 நிமிடப் பிழை வானில் ஒரு பாகைப் பிழை. ஜிபிஎஸ் துண்டு ஒன்றைப் பொருத்திவிட்டால் இந்தத் தொல்லை தீரும். தொலைவிலிருந்து இணையம் வழியாகப் பார்ப்பது வசதியே. ஆனால் கூரையைத் திறக்கும் கட்டளையைக் கடவுச்சொல் இல்லாத பக்கத்தில் விட்டுவைக்காதீர்கள்.

குளவி, எறும்பு, பல்லி

வெளிநாட்டு வழிகாட்டிகள் இதற்கு ஒரு வரி ஒதுக்கும். இங்கே இது ஒரு தனி வேலை. காற்றோட்டத் துளை ஒவ்வொன்றுக்கும் நுளம்பு வலை அடிக்க வேண்டும். மண்குளவி ஒரு கிழமைக்குள் குழாய்களையும் திருகாணித் துளைகளையும் மண்ணால் அடைத்துவிடும். எறும்பு ரிலேயின் தொடுமுனைக்குள் புகுந்து நசுங்கினால் மின் ஓடாது, கூரை நகராது. மின்பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு கேபிளையும் இறுக்கும் இறப்பர் வளையத்தினூடாகக் கொண்டுவந்து, ரிலேக்களை மூடிய வகையாக வாங்க வேண்டும். கேபிள்கள் பிவிசி குழாய்க்குள் போகட்டும், எலிக்காக. கதவின் அடியில் இடைவெளி கூடாது, பாம்புக்காக. மாரிகாலம் முழுவதும் அறைக்குள் சிறு சூட்டுப் பட்டி ஒன்று எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தால் வில்லைகளில் பூஞ்சை பிடிப்பது குறையும். சிலிக்கா மணிகளை மாதத்துக்கு ஒருமுறை வறுத்து உலர்த்த வேண்டும்.

சோதனை

ஒக்டோபரில் வெறும் அறையின் தளம் முழுவதும் பழைய பத்திரிகைகளை விரித்துக் கூரையை மூடிவையுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பின்னரும் ஈரமான இடத்தைத் தாளில் குறித்து, அதற்கு நேர் மேலேயுள்ள இடுக்கை அடையுங்கள். மழை இல்லாத இரவுகளில் கூரையைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகக் குழப்பிப் பாருங்கள்: உணரியில் ஒரு கிண்ணம் நீர் ஊற்றுங்கள், கணினியின் மின்னைப் பிடுங்குங்கள், உணரிக் கம்பியைக் கழற்றுங்கள், பிரதான பற்றரியை நிறுத்துங்கள், தண்டவாளத்தில் ஒரு தடியை வைத்து மோட்டர் இறுகும்போது தன்னை நிறுத்துகிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் கூரை என்ன செய்தது, எத்தனை விநாடியில் செய்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். தொடர்ந்து முப்பது நாள் பிழையின்றிப் போன பின்னரே கருவிகளை ஏற்ற வேண்டும்.

ஜனவரி இறுதியில் மவுண்டைத் தூணில் ஏற்றி, ஜூனில் குறித்த கோட்டின்படி வடக்கே திருப்பி, ஏற்றக்கோணத்தை 9.4 பாகையில் வையுங்கள். நினாவின் மூன்று புள்ளித் துருவ நேர்ப்படுத்தல் என்னும் துணைநிரல், வானின் ஒரே பகுதியில் அச்சைச் சுழற்றி மூன்று படம் எடுத்து, அச்சு துருவத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும். துருவ நட்சத்திரம் தெரிய வேண்டியதில்லை. காட்டும் பிழை ஒரு கலைக்குள் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வரும்வரை மவுண்டின் இரு திருகாணிகளையும் மாறி மாறித் திருப்ப வேண்டும். 400 மில்லிமீற்றர் குவியத் தூரத்தோடு 3.76 மைக்ரோமீற்றர் புள்ளியளவுள்ள கமெராவைப் பாவித்தால் படத்தின் ஒரு புள்ளி வானில் ஏறத்தாழ 1.9 விகலை (விகலை என்பது கலையில் அறுபதில் ஒரு பங்கு) என்பதால், அந்த அளவு நேர்ப்பாடும் பிஎச்டி2 இன் திருத்தமும் சேர்ந்தால் போதும். முதல் இரவுக்கு நீண்ட பட்டியல் வேண்டாம். விடியற்புறம் ஐந்து மணியளவில் தெற்கே உச்சம் தொடும் ஒமேகா சென்டோரியை மட்டும் கொடுத்து, முதல் மூன்று இரவும் கூரைக்கு அருகே கதிரை போட்டு உட்கார்ந்திருங்கள். நான்காம் இரவு உள்ளே போய்ப் படுக்கலாம்.